பிரிட்டனில் நாற்பதுக்கு மேல் கார் பழகுகிறீர்களா? குறைந்த செலவில் இன்சூரன்ஸ் எடுக்க முழுமையான வழிகாட்டி

நாற்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு கார் பழகத் தொடங்கும் பலர் முதலில் காரை வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் இன்சூரன்ஸ் விலை கேட்கிறார்கள். அப்போது எந்த விலை வந்தாலும் கட்ட வேண்டியதாகிவிடுகிறது. கீழே வரும் பத்துப் படிகளில், கார் வாங்குவது கடைசிக்குப் பக்கத்தில் வர வேண்டிய வேலை.

வயது உங்களுக்கு ஓரளவு சாதகம்தான். 17 வயதுப் பிள்ளையிடம் கேட்கும் தொகையை 50 வயதுக்காரரிடம் பொதுவாகக் கேட்பதில்லை. ஆனால் நிறுவனங்கள் வயதையும் ஓட்டிய அனுபவத்தையும் தனித்தனியாக எடைபோடுகின்றன. யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருபது வருடம் ஓட்டியவராக இருந்தாலும், புரவிஷனல் லைசென்ஸ் (பழகுநருக்கான தற்காலிக லைசென்ஸ்) கையில் இருக்கும்வரை பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கில் நீங்கள் புதியவர்.

கீழே உள்ளவை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு உரியவை. வட அயர்லாந்தில் லைசென்ஸ் விதிகள் வேறு.

1. லைசென்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

இலங்கை, இந்திய லைசென்ஸை இங்கே மாற்றிக்கொள்ள முடியாது. இங்கு குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்து ஓட்டலாம், அதற்குமேல் முடியாது. இன்டர்நேஷனல் பெர்மிட் வைத்திருந்தாலும் அந்தக் காலம் நீளாது. 12 மாதம் கடந்த பிறகு அந்த லைசென்ஸோடு ஓட்டினால், கட்டிய இன்சூரன்ஸும் கைகொடுக்காமல் போகலாம்.

சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் லைசென்ஸ் வைத்திருப்பவர் முதலில் அதை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் பழகுநர் இன்சூரன்ஸே தேவைப்படாது.

மற்றவர்கள் லைசென்ஸ் வழங்கும் அரசுத் துறையான டிவிஎல்ஏயிடம் புரவிஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரசு இணையதளத்தில் கட்டணம் 34 பவுண்ட், தபாலில் 43 பவுண்ட். இடையில் ஒரு வேறு தளம் புகுந்து "சேவைக் கட்டணம்" என்று கூடுதலாகப் பிடுங்குவது வழக்கம், முகவரியைப் பார்த்து நுழையுங்கள். 12 மாதத்துக்குள்ளேயே புரவிஷனல் எடுத்துவிட்டால், அந்தக் காலம் முடியும்வரை எல் பிளேட்டும் (பழகுநர் என்று காட்டும் 'L' பலகை), பக்கத்தில் உட்காரும் அனுபவமுள்ள ஓட்டுநரும் இல்லாமலே ஓட்டலாம். இந்த விவரத்தை நிறுவனத்திடம் தெளிவாகச் சொல்லி விலை கேளுங்கள். வெளிநாட்டு லைசென்ஸுக்கும் புரவிஷனலுக்கும் அவர்கள் வேறு வேறு விலை போடுவார்கள்.

2. உடல்நிலையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

இளையவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாத படி இது. இன்சுலின் போடுபவர், உறக்கத்தில் மூச்சுத் தடைபட்டுப் பகலில் தூக்கம் வருபவர், வலிப்பு உள்ளவர், பக்கவாதத்தின் பாதிப்பு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தவர் ஆகியோர் டிவிஎல்ஏக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் 1,000 பவுண்ட் வரை அபராதம் விழலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர் பொதுவாகத் தெரிவிக்க வேண்டியதில்லை. சர்க்கரையைத் திடீரென இறக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர் தன் ஜிபியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்சூரன்ஸ் படிவத்தில் வழக்கமாக வரும் கேள்வி, டிவிஎல்ஏக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஏதும் உண்டா, தெரிவித்துவிட்டீர்களா என்பது. டிவிஎல்ஏயின் பதில் கையில் இல்லாமல் இதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் படி இவ்வளவு முன்னால் வருகிறது.

கண்ணையும் இப்போதே பரிசோதித்துவிடுங்கள். டெஸ்ட் தொடங்கும் முன் 20 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டை வாசிக்கச் சொல்வார்கள். அதில் தவறினால் டெஸ்ட் அங்கேயே முடிந்தது.

3. பக்கத்தில் உட்காரப்போவது யார்?

வயதில் மூத்தவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் சொந்தப் பிள்ளையாக இருப்பார். சட்டப்படி அவர் 21 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், முழு லைசென்ஸ் எடுத்து 3 வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த வகைக் காரை ஓட்டும் தகுதியும் வேண்டும். 22 வயது மகன் 18 வயதில் பாஸாகியிருந்தால் சட்டத்துக்கு அவர் போதும். ஆனால் பல பழகுநர் பாலிசிகள் பக்கத்தில் இருப்பவர் 25 வயதைக் கடந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. சில, அதிகபட்ச வயதும் வைத்திருக்கின்றன. பாலிசியை எடுத்து முடித்த பிறகு இதை வாசித்துப் பயனில்லை.

கணவருக்கு ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் மட்டும்தான் என்றால், மேனுவல் காரில் மனைவிக்கு அவர் துணை வர முடியாது. மேனுவல் லைசென்ஸ் உள்ளவர் இரண்டிலும் வரலாம். இலங்கை, இந்திய லைசென்ஸோடு 12 மாத காலத்தில் ஓட்டும் உறவினர், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், இந்த இடத்தில் உட்கார முடியாது.

பக்கத்தில் இருப்பவருக்கும் மது வரம்பு, கைபேசித் தடை இரண்டும் பொருந்தும். பதிவுபெற்ற பயிற்றுநராக இல்லாதவர் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்குவது குற்றம். "மணிக்கு 15 பவுண்ட், நம்ம ஆள்தான்" என்று கடைச் சுவரில் ஒட்டியிருந்தால், அவருடைய பயிற்றுநர் பேட்ஜ் கண்ணாடியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. நான்கு வழிகளில் உங்களுக்கு எது?

பயிற்றுநர் காரில் மட்டும் பழகுவது: பயிற்றுநரின் இன்சூரன்ஸிலேயே நீங்களும் அடக்கம், தனியாக எதுவும் எடுக்க வேண்டாம். கார் ஓட்டுவது முற்றிலும் புதிது என்றால் முதல் பத்துப் பன்னிரண்டு பாடங்களை இப்படியே முடித்துவிடுவது நல்லது. கிளட்சும் பிரேக்கும் பிடிபடாத நிலையில் வீட்டுக் காருக்கு இன்சூரன்ஸ் எடுத்தால், அதில் பாதி நாள் கார் வாசலிலேயே நிற்கும். மோட்டார்வேயில் பழகுவதென்றால் எப்படியும் இரட்டைப் பிரேக் உள்ள பயிற்றுநர் காரில்தான் போக வேண்டும்.

வீட்டுக் காருக்குக் குறுகிய காலப் பழகுநர் பாலிசி: மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ மாதக்கணக்கிலோ எடுக்கலாம். வேகோ, மார்மலேட், காலிங்வுட் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. இது கார் உரிமையாளரின் பாலிசியிலிருந்து தனியாக நிற்பதால், நீங்கள் எங்கேனும் இடித்தாலும் அவருடைய நோ-கிளெய்ம்ஸ் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குச் சேரும் தள்ளுபடி) பொதுவாகப் பாதிக்கப்படாது. கணவருக்கோ மகளுக்கோ ஒன்பது பத்து வருட போனஸ் சேர்ந்திருந்தால் இந்தப் பாதுகாப்பே பெரிய லாபம். ஒரு நிபந்தனை உண்டு: பெரும்பாலான பாலிசிகளில் காருக்கு ஏற்கெனவே உரிமையாளர் பெயரில் வருடாந்த இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். பழகுநர் பாலிசி நீங்கள் ஓட்டும் நேரத்தை மட்டுமே காக்கும், நிறுத்தியிருக்கும் காரைக் காக்காது.

உரிமையாளரின் பாலிசியில் பெயர் சேர்ப்பது: ஆறு மாதத்துக்கு மேல் பழகுவீர்கள் என்றால் இது மலிவாக இருக்கலாம். சில நிறுவனங்கள் புரவிஷனல் லைசென்ஸ்காரரைச் சேர்க்கவே மாட்டா. சேர்த்தாலும் விபத்து உரிமையாளரின் போனஸில் விழும். விலை கேட்கும்போது மாற்றத்துக்கான நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு இன்னொரு கேள்வி: "இவர் பாஸானதும் கூடுதலாக எவ்வளவு?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் சேர்த்தவர்கள் டெஸ்ட் பாஸான மகிழ்ச்சியோடு போன் போட்டு, வரும் தொகையைக் கேட்டு அதிர்ந்து போகிறார்கள். பழகும்போது பக்கத்தில் அனுபவசாலி இருக்கிறார். பாஸானதும் தனியாக ஓட்டுவீர்கள். ஆபத்து கூடுவது அப்போதுதான், பிரீமியமும் அப்போதுதான் ஏறும்.

சொந்தக் கார், சொந்தப் பெயரில் வருடாந்தப் பாலிசி: வீட்டில் வேறு காரே இல்லை என்றால் இந்த வழி. நான்கில் அதிகச் செலவு இதற்குத்தான். ஆனால் உங்கள் பெயரில் போனஸ் சேரத் தொடங்குவதும் இதில்தான். பாஸானதும் அதே பாலிசி தொடருமா, விலை மாறுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழிக்கும் மூன்றாவதுக்கும் இடையில் குழப்பமா? ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். வாரம் ஒருநாள், சனிக்கிழமை இரண்டு மணிநேரம்தான் பழக முடியும் என்றால், மாதப் பாலிசியின் விலையை எட்டு மணிநேரத்தால் வகுத்து, மணிக்கணக்குப் பாலிசியோடு ஒப்பிடுங்கள். வாரம் நான்கு நாள் ஓட்டுபவருக்கு இதே கணக்கு நேரெதிராக வரும்.

5. விலை கேட்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

புரவிஷனல் லைசென்ஸ், காரின் வி5சி பதிவுப் பத்திரம், உரிமையாளரின் பாலிசிச் சான்றிதழ், பக்கத்தில் இருப்பவரின் லைசென்ஸ் விவரம், கடந்த 5 வருடத்தில் நடந்த விபத்து, கிளெய்ம், தண்டனைப் புள்ளி எல்லாவற்றின் தேதிகள். உங்கள் மேல் தவறில்லாத விபத்தும் சேர்த்துத்தான்.

பெயர்தான் நம்மவருக்குத் தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முதலில், பேங்கில் சொந்தப் பெயர் முதலில், டிவிஎல்ஏயில் இனிஷியல் விரிந்து வேறு மாதிரி. 16 எழுத்துகளும் எண்களும் கொண்ட டிரைவர் நம்பரின் முதல் ஐந்து எழுத்து, டிவிஎல்ஏ உங்கள் குடும்பப் பெயர் என்று எதைப் பதிந்திருக்கிறதோ அதிலிருந்து வரும். இன்சூரன்ஸ் படிவத்தில் குடும்பப் பெயர் இடத்தில் அதையே போடுங்கள். மாற்றிப் போட்டால் லைசென்ஸ் சரிபார்ப்பில் உங்கள் விவரம் அகப்படாது. சில நேரம் விலை ஏறும், சில நேரம் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் பாலிசி ரத்தாகும்.

இன்னொரு தவறு தேதியில். லைசென்ஸ் அட்டையில் 4ஏ என்று இருப்பது அட்டை அச்சான தேதி. லைசென்ஸ் எப்போதிலிருந்து செல்லும் என்பது பின்பக்கம், பத்தாவது நிரலில் இருக்கும். அட்டையைப் புதுப்பித்தவர் 4ஏயை எழுதினால், தன் அனுபவத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

6. விலை கேட்பது

பாலிசி தொடங்க வேண்டிய நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே கேளுங்கள். கடைசி நாளில் ஓடிவருபவரை நிறுவனங்கள் கூடுதல் ஆபத்தாகக் கணிக்கின்றன, வருடாந்தப் பாலிசியில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மணிக்கணக்குப் பாலிசிக்கு இது பொருந்தாது.

விலை ஒப்பிடும் தளங்களான கம்பேர் தி மார்க்கெட், மணிசூப்பர்மார்க்கெட், கன்ஃப்யூஸ்டு, கோகம்பேர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டில் பாருங்கள். வழக்கமான கார் இன்சூரன்ஸ் பகுதியில் புரவிஷனல் என்று போட்டால் சில விலைகளே வரும். பழகுநருக்கான பகுதி தனியாக இருக்கும், அங்கேயும் போய்ப் பாருங்கள். தானாக நிரம்பியிருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தளம் ஊகித்துப் போட்டதற்கும் பொறுப்பு உங்களுடையதே.

தொழில் என்ற பெட்டியில் நிதானம் வேண்டும். வீட்டைக் கவனிப்பவர், ஓய்வுபெற்றவர், வேலையில்லாதவர் ஆகிய மூன்றுக்கும் மூன்று விலை வரலாம். கடை வைத்திருப்பவர் கடை உரிமையாளரா, பத்திரிகைக் கடைக்காரரா, கல்லாவில் நிற்பவரா என்பதும் அப்படியே. உண்மையாகப் பொருந்தும் சொற்களுக்குள் குறைந்த விலை தருவதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. பொருந்தாததைப் போடுவது பொய்.

பயன்பாடு அடுத்தது. கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போவது சமூக, குடும்பப் பயன்பாடு. தினமும் ஒரே வேலையிடத்துக்குப் போவதென்றால் அதற்கான கம்யூட்டிங் வேண்டும். கேஷ் அண்ட் கேரியில் கடைக்குச் சாமான் ஏற்றி வருவது வியாபாரப் பயன்பாடு. காலையில் பழகிக்கொண்டே அப்படியே சாமானும் எடுத்துவரலாம் என்று நினைப்பவர், முதலில் தன் பாலிசி அதை ஏற்கிறதா என்று பார்க்கட்டும். சில பழகுநர் பாலிசிகள் ஏற்பதில்லை.

எக்செஸ் என்பது கிளெய்ம் செய்யும்போது நீங்கள் கைப்பணத்திலிருந்து போட வேண்டிய பங்கு. கட்டாய எக்செஸோடு நீங்கள் விரும்பி ஏற்றுக்கொள்வதும் சேரும். அனுபவமற்ற ஓட்டுநருக்கான கூடுதல் எக்செஸ் பல பாலிசிகளில் உள்ளே ஒளிந்திருக்கும். இது வயதை மட்டும் பார்ப்பதில்லை, 55 வயதிலும் வரும். உதாரணமாக 350, 250, 200 என்று மூன்றும் சேர்ந்தால் 800 பவுண்ட். கார் 1,500 பவுண்ட் பெறுமானம் என்றால், அது முழுதாக நொறுங்கினாலும் உங்கள் கைக்கு 700தான் வரும். பிரீமியம் 40 பவுண்ட் குறைகிறது என்பதற்காக விரும்பி ஏற்கும் எக்செஸை உயர்த்தும்முன் இந்தக் கழித்தலைச் செய்துவிடுங்கள்.

மற்றவருக்கு நேரும் சேதத்தை மட்டும் காக்கும் மூன்றாம் தரப்பு பாலிசிதான் மலிவு என்பது பழைய நம்பிக்கை. அதைத் தேர்ந்தெடுப்பவர்களிடையே விபத்து அதிகம் என்று கணிப்பதால், உங்கள் காரையும் சேர்த்துக் காக்கும் முழுப் பாலிசியே விலை குறைவாக வருவது உண்டு. இரண்டையும் போட்டுப் பாருங்கள். முடிந்தால் ஒரே தடவையில் கட்டுங்கள், மாதத் தவணை பெரும்பாலும் வட்டியோடு வரும் கடன். வருடத்துக்கு எத்தனை மைல் என்பதை ஊகத்தில் 10,000 என்று போடாமல், போகும் இடங்களை வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

கறுப்புப் பெட்டி, அதாவது ஓட்டும் விதத்தை அளக்கும் பாலிசி, இளையவர்களுக்குத்தான் என்று ஒதுக்க வேண்டாம். நிதானமாக, பகலில், குறைந்த தூரம் ஓட்டும் 50 வயதுக்காரருக்கு அது பொருந்தலாம். இரவு வேலைக்குப் போய் விடியற்காலையில் திரும்புபவருக்கு அநேகமாகப் பொருந்தாது.

அதிகபட்ச வயதைக் காரணம் காட்டி ஒரு நிறுவனம் மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். வயதின் காரணமாக மறுக்கும்போது, எடுத்துக்கொள்ளக்கூடிய வேறு இடத்தைக் காட்ட வேண்டும் என்று காப்புறுதித் துறையின் சங்கங்கள் 2012இல் அரசோடு உடன்பாடு செய்திருக்கின்றன. "வேறு யாரிடம் போகலாம்?" என்று நேராகவே கேளுங்கள். புரோக்கர்கள் சங்கமான பிபாவின் தேடல் சேவையும் இதற்கு உதவும்.

7. மலிவு என்று காதில் விழும் மூன்று யோசனைகள்

"மகன் பெயரில் கார் இருக்கட்டும், நீங்கள் இரண்டாவது ஓட்டுநர்." அல்லது தலைகீழாக, பிள்ளையின் பிரீமியத்தைக் குறைக்க உங்களை முதன்மை ஓட்டுநராகப் போடுவது. யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவர்தான் முதன்மை ஓட்டுநர். மாற்றிச் சொன்னால் மோசடி. 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, வேண்டுமென்றே பொய் சொல்லியிருந்தால் நிறுவனம் பாலிசியையே இல்லையென்று ஆக்கி, கட்டிய பிரீமியத்தையும் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவால் வந்த தவறென்றால் இழப்பீட்டை விகிதப்படி குறைக்கலாம்.

"ஈஸ்ட் ஹாமில் விலை அதிகம், அண்ணன் வீட்டு முகவரியைப் போடு." கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. இதுவும் மேலே சொன்ன சட்டத்தில்தான் விழும்.

"வாட்ஸ்அப்பில் ஒருவர் பாதி விலைக்கு எடுத்துத் தருகிறார்." போலி புரோக்கர்கள் பொய் விவரம் போட்டுப் பாலிசி எடுத்துத் தருவார்கள், அல்லது எடுத்துவிட்டு மறுநாளே ரத்துசெய்து பணத்தைச் சுருட்டுவார்கள். காசு கொடுக்கும் முன் அந்தப் பெயர், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏயின் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதமும் 6 தண்டனைப் புள்ளியும், காரையும் எடுத்துச் செல்லலாம். ஏமாற்றப்பட்டோம் என்று சொன்னாலும் ஓட்டியவர் நீங்கள்தான்.

8. முதல் தடவை வீதியில் இறங்கும் முன்

பாலிசி தொடங்கும் நேரத்தைப் பாருங்கள். தேதியோடு நேரமும் இருக்கும். பகல் 2 மணிக்குத் தொடங்கும் பாலிசியோடு காலை 10 மணிக்கு ஓட்டினால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. காருக்கு வீதி வரியும், தேவைப்படும் காரென்றால் எம்ஓடியும் (வருடாந்தத் தகுதிச் சோதனை) நடப்பில் இருக்க வேண்டும்.

முன்னும் பின்னும் எல் பிளேட். வேல்ஸில் எல்லுக்குப் பதிலாக டி பிளேட்டும் செல்லும். எல் பிளேட் இல்லாமலோ தகுதியான துணை இல்லாமலோ ஓட்டினால் 1,000 பவுண்ட் வரை அபராதமும் 6 புள்ளி வரையும் கிடைக்கலாம்.

வருடாந்தப் பாலிசியை எடுத்த பிறகு பிடிக்கவில்லை என்றால் 14 நாள் அவகாசம் உண்டு. ஓட்டிய நாட்களுக்கான தொகையும் கட்டணமும் கழித்து மீதி திரும்பி வரும்.

9. டெஸ்ட் நாள்

வீட்டுக் காரில் டெஸ்ட் கொடுக்கலாம் என்றால், பாலிசி டெஸ்டையும் காக்கிறதா என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். பரிசோதகருக்குத் தனியாக உட்புறக் கண்ணாடி ஒன்று பொருத்த வேண்டும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியக் கூடாது, எரிந்தால் டெஸ்டும் கட்டிய பணமும் போகும். டெஸ்ட் கட்டணம் வாரநாளில் 62 பவுண்ட், மாலையிலும் வார இறுதியிலும் 75.

பாஸான அந்த நிமிடத்திலேயே பெரும்பாலான குறுகிய காலப் பழகுநர் பாலிசிகள் முடிந்துவிடும். சட்டப்படி உங்களுக்குத் தனியாக ஓட்ட உரிமை வந்துவிட்டது, ஆனால் இன்சூரன்ஸ் இல்லை. டெஸ்ட் சென்டரிலிருந்து வீட்டுக்கு, கூட வந்தவரே ஓட்டட்டும். அவர் அந்தக் காரில் இன்சூர் ஆனவரா என்பதையும் முன்பே பார்த்து வைத்திருங்கள்.

10. பாஸான பிறகு, கார் வாங்கும் முன்

காரைப் பார்க்கப் போகும்போதே அதன் பதிவு எண்ணைப் போட்டு விலை கேளுங்கள். பெரும்பாலான கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள், எண் கூடக் கூட விலை கூடும். ஹூண்டாய் ஐ10, கியா பிகான்டோ போன்றவற்றின் சிறிய எஞ்சின் மாடல்கள் கீழ்க் குரூப்களில் இருக்கும். ஒரே பெயரில் வரும் காரிலேயே எஞ்சின் மாறினால் குரூப் மாறும், ஆகவே பதிவு எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

அனுபவமுள்ள கணவரையோ மனைவியையோ இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்து ஒருமுறை விலை பாருங்கள், அவர் உண்மையிலேயே எப்போதாவது ஓட்டுவார் என்றால். பெரும்பாலும் குறையும். 19 வயதுப் பிள்ளையைச் சேர்த்தால் ஏறும். பாஸானவர்களுக்கான கூடுதல் பயிற்சியான பாஸ் பிளஸ் பாடங்களுக்கு எல்லா நிறுவனமும் தள்ளுபடி தருவதில்லை. எவ்வளவு குறையும் என்று கேட்டு, பாடச் செலவோடு ஒப்பிட்ட பிறகு சேருங்கள்.

பாஸான நாளிலிருந்து 2 வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே பறிபோகும். மறுபடி புரவிஷனல், மறுபடி தியரி, ஓட்டும் டெஸ்ட் இரண்டும். இந்தச் சட்டம் வயது பார்ப்பதில்லை.

முதல் வருடம் முடியும்போது புதுப்பிப்புக் கடிதம் வரும். 2022 ஜனவரி முதல், புதிதாக வரும் வாடிக்கையாளருக்குக் கேட்கும் விலையைவிடப் பழையவரிடம் கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று எஃப்சிஏ விதி இருக்கிறது. அது அந்த ஒரு நிறுவனத்துக்குள் மட்டும்தான். அடுத்த நிறுவனம் இன்னும் குறைவாகத் தரலாம். ஆகவே கடிதம் வந்ததும் ஒரு வருட நோ-கிளெய்ம்ஸ் போனஸுக்கான சான்றை வாங்கிக்கொண்டு, ஆறாவது படியை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.